கண்ணாடிக்கு முன்னால் கேட்டது

குழந்தை உயிரோடு இருந்த நாட்களில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது பால். குழந்தையை அடக்கம் செய்த மறுநாள் காலையில் பெருக்கெடுத்தது.

வயிற்றில் தையல் போட்டிருந்ததால் தையல்காரி கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. கணவன்தான் போனான். திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். விடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். ஆண்களுக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறது. துக்கத்தையும் ஏற்றிக்கொண்டு எங்காவது ஓட்டிப் போய்விடலாம். அவள் எங்கே போவாள்? மார்பு இரண்டும் கல்லாகக் கனத்தன. கையைத் தூக்க முடியவில்லை. போட்டிருந்த நைட்டி நனைந்து ஒட்டிக்கொண்டது.

துணைக்கு வந்திருந்த நாத்தனார் ஒரு பழைய புடவையைக் கிழித்து, மார்பை இறுக்கிக் கட்டிவிட்டாள். நல்ல மனசுக்காரிதான். வாய்தான் ஓயாது. சபையில் அவளுக்கு மைக் என்று பெயர். போதகர் ஆமென் சொன்ன பிறகும் அவள் ஜெபம் முடியாது.

“கொடுத்தவரும் அவரு, எடுத்துக்கிட்டவரும் அவரு. நாம என்ன பண்ண முடியும் சொல்லு? கட்டு இருக்கட்டும், அவுக்காதே. தானா வத்திடும்” என்றாள்.

“குழந்தையை எடுத்துக்கிட்டாரு, சரி. பாலை எடுக்க மறந்துட்டாரா அண்ணி?”

நாத்தனார், துக்கத்தில் பேசுவதை ஆண்டவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கஞ்சி வைக்கப் போனாள்.

வலி பொறுக்க முடியாதபோது தையல்காரி குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கட்டைத் தளர்த்தி, பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டாள். சோப்பு நுரையோடு அது சாக்கடைத் துளைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்றவளுக்கு அதைவிடக் கொடுமையான வேலை இருக்க முடியாது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, முகத்தையும் கழுவிக்கொண்டு வெளியே வருவாள். நாத்தனார் ஜெபிக்கக் கூப்பிட்டால் தலை வலிக்கிறது என்பாள்.

தலைவலி ஒன்றும் இல்லை. பயம். அந்தப் பயத்தை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளை வைத்திருந்த அறைக்கு ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அதற்குப் பக்கத்தில் இரண்டு இன்குபேட்டர் பெட்டிகள். ஒன்றில் அவள் பிள்ளை, அடுத்ததில் ஒரு வெல்டருடைய பெண் குழந்தை. இரண்டும் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வெல்டரின் மனைவி பிரசவத்தோடு காய்ச்சல் கண்டு நினைவில்லாமல் வேறு மாடியில் கிடந்தாள். வெளியே இருந்த பெஞ்சில்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். அங்கே யாரோ சொன்னார்கள்: “உள்ளே நல்லா ஓடுற மூச்சு மிஷின் ஒண்ணே ஒண்ணுதானாம். ரெண்டுல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியுமாம்.” யார் சொன்னது, யாரிடம் கேட்டுச் சொன்னது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பெஞ்சில் பிறக்கிற செய்திக்கு அப்பன் பெயர் யாருக்குத் தெரியும்? ஆனால் டாக்டர் சொல்வதைவிட அதைத்தான் சனங்கள் நம்புவார்கள்.

அன்று சாயங்காலம் தையல்காரி சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணாடியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு ஜெபித்தாள். “ஆண்டவரே, ஒண்ணைத்தான் விட்டுவைப்பீர்னா என் பிள்ளையை விட்டுவையும். அதை எடுத்துக்கும்.” அது என்று அவள் கண்ணால் காட்டியது பக்கத்துப் பெட்டியை.

மறுநாள் அவள் பிள்ளை போய்விட்டது.

இப்போது புரிகிறதா, அவள் ஏன் ஜெபத்துக்கு உட்காரவில்லை என்று? இன்னொருத்தி பிள்ளையைச் சாகடிக்கச் சொல்லிக் கேட்ட வாயால், இனி எதைக் கேட்பது? கேட்டதற்குத்தான் இந்தத் தண்டனை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். பால் ஊறுவதும் தண்டனையின் மிச்சம்தான் என்று நினைத்தாள்.

தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நாத்தனாரும் கூட வந்தாள். துணியில் தையல் விட்டால் தையல்காரியே பிரித்துத் தைப்பாள். தன் வயிற்றுத் தையலைப் பிரிக்கும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வேலையை முடித்த நர்ஸ், ஐம்பதைத் தாண்டிய பருத்த பெண்மணி, மார்புக் கட்டைப் பார்த்துவிட்டாள்.

“இப்படி இறுக்கிக் கட்டச் சொன்ன புண்ணியவதி யாரு? சீழ் பிடிச்சா யாரு பதில் சொல்றது?”

நாத்தனார் கூரையில் சுற்றிய மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்தாள்.

நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் பால் வழிந்தது. அவள் ஒரு நிமிடம் யோசித்து, கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “கேக்கவே கூசுதும்மா. இருந்தாலும் கேக்குறேன். உள்ள ஒரு குழந்தைக்குப் பால் இல்லை. டப்பாப் பால் கொடுத்தா வயிறு ஊதிக்குது. இப்படியே போனா தாங்காது. உங்க ரத்தம் எல்லாம் முன்னாடியே பரிசோதனை பண்ணியாச்சு. பாலைப் பதமாச் சூடுபண்ணித்தான் கொடுப்போம். மனசு இருந்தா கொடுங்க. இல்லைன்னா நான் கேக்கவே இல்லைன்னு நெனச்சுக்கோங்க.”

“யாரு குழந்தை?”

“உங்க குழந்தைக்குப் பக்கத்துல இருந்துச்சே, அது.”

தையல்காரிக்குக் காது அடைத்துக்கொண்டது. எந்தக் குழந்தையை எடுத்துக்கொள்ளச் சொன்னாளோ அதற்கே பால் கேட்கிறார்கள். ஊரில் எத்தனை தாய்மார்கள்! ஆண்டவருக்கு வேறு ஆளே அகப்படவில்லையா? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே தடுப்பூசி போட வந்த ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மனசு கல்லாக உட்கார்ந்திருக்க, உடம்பு அவளைக் கேட்காமலே சுரந்தது. மடியெல்லாம் ஈரம்.

“கொடுக்கிறேன்” என்றாள்.

கருணையினால் சொன்னாள் என்று நினைத்துவிட வேண்டாம். தண்டம் கட்டுகிறவள்போலத்தான் சொன்னாள். செய்த குற்றத்துக்கு இதுதான் அபராதம் என்றால் கட்டித் தொலைத்துவிடுகிறேன் என்கிற வீம்பு அதில் இருந்தது.

ஆனால் அங்கே ஒரு நடைமுறை உண்டு. பிறத்தியார் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதென்றால் தகப்பனோ தாயோ சம்மதிக்க வேண்டும். நர்ஸ் ஆள் அனுப்பி வெல்டரை வரவழைத்தாள். மெலிந்த மனிதன், கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. முன்கையெல்லாம் தீப்பொறி தெறித்த தழும்புகள். வேலைக்குப் போயே பல நாளாகியும் கண்கள் சிவந்தே இருந்தன. தையல்காரியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். நர்ஸ் விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். பிறகு, “வேணாம் சிஸ்டர்” என்றான்.

“என்னது?”

“இவங்க பால் வேணாம். வேற யாராவது கொடுத்தா வாங்கிக்கிறேன்.”

நாத்தனாருக்கு வந்ததே கோபம்! “ஏங்க, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிக்குது, போயிட்டு வாங்கன்றீங்களே! பிள்ளையைப் பறிகொடுத்தவ, வயித்தெரிச்சலைப் பாக்காம கொடுக்க வந்திருக்கா. அவ பாலுக்கு என்ன குறை? ராசி பாக்குறீங்களா? நீங்களும் கோயிலுக்குப் போறவர்தானே?”

“அண்ணி, சும்மா இருங்க” என்றாள் தையல்காரி. தான் கேட்டது இவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். கண்ணாடிக்கு முன்னால் அன்று வாய்விட்டுச் சொல்லிவிட்டோமோ? பின்னால் நின்று கேட்டிருப்பானோ?

வெல்டர் சுவரைப் பிடித்துக்கொண்டான். “ராசி எல்லாம் இல்லைங்க. வாங்கிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மிஷின் ஒண்ணுதான்னு சொன்னாங்க. ரெண்டுல ஒண்ணுதான்னு சொன்னாங்க. சம்சாரம் மேல அப்படிக் கிடக்கிறா. குழந்தையும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? ராவெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி முட்டி போட்டுக் கிடந்தேன். உங்க பிள்ளையைக் காட்டி, அதை எடுத்துக்கும், என் மகளை விட்டுவையும்னு கேட்டேன் தங்கச்சி. விடிஞ்சதும் நீங்க கதறுற சத்தம் கேட்டுச்சு. உங்க பிள்ளையைக் கொன்னது நான்தான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்க பாலை வாங்கி ஊத்துவேன்?”

முதலில் சுதாரித்தது நர்ஸ்தான்.

“மிஷின் ஒண்ணா? எவன் சொன்னான் அப்படி? உள்ள நாலு இருக்கு, போய் எண்ணிப் பாருங்க! பையனுக்கு நுரையீரல் விரியலை. மிஷின் வெச்சும் விரியலை. அதுக்கும் உங்க குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” கோபமாக ஆரம்பித்தவள் முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தையல்காரி அந்த மனிதனையே பார்த்தாள். அவன்மேல் ஆத்திரம் வரவேண்டும், வரவில்லை. தன்னையே இன்னொரு உடம்பில் பார்ப்பதுபோல இருந்தது. அவன் நின்ற அதே இடத்தில் அவளும் நின்றிருக்கிறாள். கையிருப்பு ஒன்றே ஒன்றுதான், முந்திக் கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று கடைக்காரரிடம் முண்டியடிப்பதுபோல இருவரும் ஆண்டவரிடம் முண்டியடித்திருக்கிறார்கள்.

“அண்ணே” என்றாள். “நானும் அதையேதான் கேட்டேன்.”

அவன் நிமிர்ந்தான்.

“உங்க மகளைக் காட்டி, அதை எடுத்துக்கும்னு கேட்டேன். நீங்க ராத்திரி கேட்டீங்க, நான் சாயங்காலமே கேட்டுட்டேன்.” நாத்தனார் மூச்சை இழுத்தது கேட்டது. தையல்காரி நிறுத்தவில்லை. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே அது விளங்கிக்கொண்டு வந்தது. “நாம கேட்டதை எல்லாம் கொடுக்கிறவரா அவர் இருந்திருந்தா இன்னைக்கு ரெண்டு பெட்டியும் காலியாத்தான் கிடக்கும் அண்ணே. உங்க வேண்டுதலுக்கு என் பிள்ளை, என் வேண்டுதலுக்கு உங்க மகள். அவர் நம்ம ரெண்டு பேர் பேச்சையும் காதுல போட்டுக்கலை.”

அதுவரை அவளைத் துன்புறுத்திய பயம் அந்தச் சொல்லோடு விட்டுப்போனது. துக்கம் போகவில்லை, அது இனிமேல்தான் முழுசாக வரப்போகிறது. ஆனால் தன்னைத் தண்டிக்கிற கடவுள் ஒருவர் மேலே உட்கார்ந்திருக்கிறார் என்கிற எண்ணம் கழன்று விழுந்தது. பெற்றவர்கள் வயிற்றெரிச்சலில் எதையாவது உளறுவார்கள் என்று தெரிந்து, அதைக் கேட்காததுபோல இருந்துவிடுகிற ஒருவரை அவள் முதல்முறையாக நினைத்துப் பார்த்தாள். அவர் இரக்கத்தை நினைத்ததும் அழுகை வந்தது. பிள்ளை போன பிறகு பயமில்லாமல் அழுதது அப்போதுதான்.

வெல்டர் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாத்தனார் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

“அவ பசியோட இருக்கா அண்ணே. சரின்னு சொல்லுங்க” என்றாள் தையல்காரி.

அவன் தலையை ஆட்டினான். தலையாட்டல் போதாது என்று நர்ஸ் வாயால் சொல்லச் சொன்னாள். “சரி” என்றான்.

பம்பை வைத்து எடுத்தபோது முதலில் கொஞ்சம்தான் வந்தது. இத்தனை நாள் கட்டிவைத்ததில் குறைந்திருக்கிறது என்றாள் நர்ஸ். “கட்டி வெச்சாத்தான் வத்தும். எடுக்க எடுக்க ஊறும், பயப்படாதீங்க” என்றாள். அப்படியே ஆயிற்று. சற்று நேரத்தில் புட்டியின் பாதிக்குமேல் ஏறியது. அந்தக் குழந்தையின் வயிற்றுக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தையல்காரியும் வெல்டரும் நின்றார்கள். பக்கத்துப் பெட்டியில் இப்போது வேறு யாருடைய குழந்தையோ இருந்தது. தையல்காரி அதையும் பார்த்தாள். உள்ளே நர்ஸ் மெல்லிய குழாய் வழியாகப் பாலை இறக்கினாள். குழந்தையின் வாய் காற்றில் சப்பிக்கொண்டது.

“வயித்துல தங்குமா?” என்று கேட்டான் வெல்டர்.

“தெரியலையே.”

“எனக்குக் கேக்கப் பயமா இருக்கு தங்கச்சி. கேட்ட வாய் அப்படி.”

“நான் கேக்குறேன்” என்றாள் அவள்.

என் பிள்ளையை ஏன் என்கிற கேள்வி அவளிடம் அப்படியே இருந்தது. அதை வேறொரு நாள் கேட்டுக்கொள்ளலாம். கண்ணாடியில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். எந்தக் குழந்தையை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாளோ அதே குழந்தையை விட்டுவைக்கச் சொல்லி, அதன் தகப்பனுக்குக் கேட்கும்படி வாய்விட்டுக் கேட்டாள்.