தலையணைக்கு ஒரு வளைகாப்பு

வளைகாப்பு நடத்திக் கொடுப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்ட சுபஸ்ரீக்கு ஒரு கர்ப்பிணியும் முகம் காட்டச் சம்மதிக்கவில்லை. ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டின் வாசலில் ‘சுபம் வளைகாப்பு’ என்று பலகை மாட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. மேடை அலங்காரம், வளையல், சந்தனம், ஏழு வகைச் சாதம், தாம்பூலப் பை எல்லாம் அவள் பொறுப்பு. நான்கு வீடுகளில் குறை சொல்ல முடியாதபடி நடத்தியும் கொடுத்துவிட்டாள். ஆனால் இன்ஸ்டாகிராமில் போட வீடியோ கேட்டால் நான்கு வீட்டிலும் ஒரே பதில்தான். “கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்மா. புள்ள பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.” பிள்ளை பிறந்த பிறகு வளைகாப்பு வீடியோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுபஸ்ரீயின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் புளியோதரை அண்டாவும் ஆளில்லாத அலங்கார நாற்காலியும்தான் இருந்தன. பின்தொடர்கிறவர்கள் எண்பத்தாறு பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பொன்மலை ரயில்வே குடியிருப்புக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அங்கேதான் அவள் அண்ணன் பாலமுரளி இருந்தான், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அண்ணி செல்லக்கிளிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை.

“அண்ணி, வர்ற வெள்ளிக்கிழமை நீங்க எனக்கு மாடலா உக்காரணும். வயித்துல ஒரு சின்னத் தலையணை கட்டிக்கலாம். மேல பட்டுப்புடவை கட்டினா ஒண்ணுமே தெரியாது.”

செல்லக்கிளி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு நின்றுவிட்டாள். “நானா? வேற யாரையாவது கேளேன் சுபா.”

“யாரு வருவா? எல்லாருக்கும் கண்ணு பட்டுடும்னு பயம். உங்களுக்குத்தான் கண்ணு பட ஒண்ணும் இல்லையே.”

குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்பதுபோல் சொன்னாள். சண்டாளி, புண்படுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு நாள் மன்னித்துவிடலாம். பாலமுரளி அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டான். “போய் உக்காரேன். வீட்ல சும்மாதானே இருக்க?” என்றான்.

செல்லக்கிளிக்கு அன்றோடு ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. தெரிந்த முகம் எதிர்ப்படாத மருந்துக்கடையாக வேண்டும் என்று திருவானைக்காவலுக்குப் பஸ் ஏறிப் போய்க் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கி வந்து பார்த்தாள். இரண்டு கோடு. அதைத் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் கல்யாணப் புடவையின் மடிப்பில் வைத்தாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருமுறை தங்கியபோது அவன் நாற்பதாம் நாளே ஒர்க்‌ஷாப் முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். அடுத்த வாரமே வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று. ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவன் அவளிடம் பேசியதெல்லாம் சோற்றைப் பற்றியும் சட்டையைப் பற்றியும்தான். அதனால் இந்த முறை மூன்று மாதம் முடியாமல் வாய் திறப்பதில்லை என்று சமயபுரத்தாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். பெண்ணாகப் பிறந்தால் மலைக்கோட்டை அம்மன் பெயரை, மட்டுவார்குழலி என்று வைப்பதாகவும் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

மாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். காரணம் ஒன்றுதான், அதைச் சொல்ல முடியாது. அதைவிட, அவளுக்கு ஆசையும் இருந்தது. பொய் எதற்கு? ஒன்பது வருடமாக எந்த வளைகாப்புக்குப் போனாலும் சந்தனக் கிண்ணம் அவளைத் தாண்டித்தான் போகும். பிள்ளை பெறாதவள் கை படக் கூடாதாம். சமையல்கட்டில் இலை நறுக்கத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறையாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. தலையணைக்குப் பின்னால் நிஜமாகவே ஒன்று இருக்கிறது என்பது யாருக்குத் தெரியப் போகிறது?

வெள்ளிக்கிழமை சுபஸ்ரீ வீட்டு மொட்டைமாடியில், ராஜகோபுரம் பின்னால் தெரியும்படி நாற்காலி போட்டார்கள். சின்னக்கடை வீதியில் வாங்கிய கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக. பக்கத்து வீட்டு மகாலட்சுமியும் இன்னும் மூன்று பேரும் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் தடவி, கையில் வளையல் அடுக்கினார்கள். எல்லாம் நடிப்புத்தான். ஆனால் மகாலட்சுமி குனிந்து, “சீக்கிரமே நெஜமா நடக்கட்டும்க்கா” என்று காதோடு சொன்னதும் செல்லக்கிளிக்கு அடக்க முடியவில்லை, பொலபொலவென்று கொட்டிவிட்டது.

“தொடைக்காதீங்க அண்ணி! அப்படியே அழுவுங்க, குளோசப் எடுத்துக்கறேன்!” என்று சுபஸ்ரீ போனோடு ஓடி வந்தாள்.

அந்த அழுகைதான் விலை போயிற்று. ‘ஒன்பது வருடக் காத்திருப்பு. இன்று எங்கள் செல்லத்துக்கு ஏழாம் மாத வளைகாப்பு’ என்று எழுதிப் போட்டாள். மூன்றே நாளில் நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். எங்கெங்கோ இருந்து முன்பின் தெரியாத பெண்கள் வாழ்த்தினார்கள். எல்லாருக்கும் பதில் போடுகிற வேலையைச் சுபஸ்ரீ அண்ணியிடமே கொடுத்தாள். “ஒரு கமெண்டையும் விடாதீங்க, பதில் போட்டாத்தான் நம்ம பக்கம் வளரும்.” செல்லக்கிளியும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினாள். அந்த வாழ்த்தெல்லாம் தன் பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தே எழுதினாள். பொன்மலையில் கூட்டாளிகள் ஸ்வீட் கேட்டபோது பாலமுரளி, “அட, அது தலையணைப்பா” என்றான். ஒர்க்‌ஷாப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து அதையும் சொல்லிச் சிரித்தான்.

அறுபத்தைந்தாம் நாள் காலையில், துணி அலசிக்கொண்டிருந்தபோது அவளுக்கு உதிரம் போயிற்று. தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, “இது தானா நடக்கறதும்மா. நீங்க எதுவும் செஞ்சு வரல” என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் செல்லக்கிளியின் தலைக்குள் நான்கு லட்சம் ஜோடிக் கண்கள் விழித்தபடி இருந்தன. அவளே போய் உட்கார்ந்து கொடுத்த கண்கள்.

மாலையில் புருஷனும் நாத்தனாரும் இருக்கும்போது, தங்கியதையும் கலைந்ததையும் சொன்னாள்.

சுபஸ்ரீ அண்ணனைப் பார்த்தாள். “நாள் தள்ளிப் போயிருக்கும் அண்ணி. தலையணை கட்டினதுல மனசே நம்பிடுச்சு போல.” பிறகு உதட்டைக் கடித்தும் சிரிப்பு நிற்கவில்லை. “தலையணைக்குமா கலையும்?”

பாலமுரளியும் சிரித்தான். செல்லக்கிளி பீரோவைத் திறந்து, ஆஸ்பத்திரிச் சீட்டையும் துணியில் சுற்றியிருந்ததையும் எடுத்து அவன் மடியில் வைத்தாள். சீட்டைப் படித்தவன் சிரிப்பை நிறுத்தினான். எழுந்து வந்து தோளைத் தொடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் டிவி ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான்.

சுபஸ்ரீதான் முதலில் பேசினாள், அதுவும் தணிந்த குரலில். “அண்ணி, இது நமக்குள்ள இருக்கட்டும். இந்த மாசம் மட்டும் பதினோரு வளைகாப்பு வந்திருக்கு, எல்லாம் உங்க முகத்தப் பாத்து வந்தது. கலைஞ்சு போனவன்னு தெரிஞ்சா ஒருத்தி வரமாட்டா. ஃபங்ஷன் பக்கமும் நீங்க வர வேணாம். கமெண்டுக்கு மட்டும் பதில் போடுங்க, போதும்.”

“அந்த வீடியோவ எடுத்துடு சுபா.”

“எடுக்கறதா? அதாலதானே எல்லாம் ஓடுது!”

“அவ பொழப்பக் கெடுக்காத” என்றான் பாலமுரளி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகும் செல்லக்கிளி தினமும் ஸ்ரீரங்கத்துக்குப் போய் உள்ளறையில் உட்கார்ந்து பதில் போட்டாள். வெளியே வேறு யாருக்கோ வளையல் அடுக்கும் சத்தம் கேட்கும். இரண்டு மாதம் கழிந்ததும் கேள்வி மாறியது. கணக்குப் பார்க்கத் தெரிந்த ஊராயிற்றே! ‘குழந்தை பிறந்துடுச்சா அக்கா? என்ன குழந்தை?’ என்று வரிசையாகக் கேட்டார்கள். அவள் போனைக் கொண்டுபோய் நாத்தனாரிடம் நீட்டினாள்.

சுபஸ்ரீயின் முகம் மலர்ந்தது. “நல்லதாப் போச்சு. தொட்டில் போடற விழாவும் எடுத்து நடத்தலாம்னு இருக்கேன். பொண்ணுன்னு போடுங்க அண்ணி, பொண்ணுன்னாத்தான் வாழ்த்து அள்ளும்.”

செல்லக்கிளி மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தாள். ‘பெண் குழந்தை’ என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில் யாரோ கேட்டார்கள், ‘குட்டிம்மா பேரு என்ன அக்கா?’

இதற்கு அவள் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. எழுத்து எழுத்தாகத் தேடி ‘மட்டுவார்குழலி’ என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் அந்த இரண்டு கோட்டையும் விட்டால், இருந்தது என்பதற்கு அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் வேறு அடையாளம் எதுவும் கிடையாது. கீழே ஒவ்வொன்றாக இதயங்கள் விழ ஆரம்பித்தன.

தண்ணீர் குடிக்க உள்ளே வந்த சுபஸ்ரீ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ அண்ணி, என்ன இது? யாரு இந்தக் காலத்துல இப்படிப் பேரு வெக்கறாங்க? கஸ்டமர் சிரிப்பாங்க” என்று போனை அவள் கையிலிருந்து வாங்கி, அந்தப் பெயரை அழித்துவிட்டு, ‘ஆத்யா’ என்று போட்டாள்.