போகாது என்று எழுதிய மெயில்கள்

பூட்டுக்கடைக்காரருக்கு உறவுக்குள் ‘பத்திரம்’ என்றே பெயர். வாசல் கதவைப் பூட்டிவிட்டு நாலு தரம் இழுத்துப் பார்க்கிற மனிதர், தன் மெயிலைக் கண்காணாத கம்பெனியின் கம்ப்யூட்டரில் விட்டுவைப்பாரா? வந்த மெயில், எழுதிய மெயில், அதைத் திறக்கிற மென்பொருள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிச் சாவிக்கொத்தோடு இடுப்பில் மாட்டிக்கொண்டார். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார்.

கடைக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது. அதுதான் அவருக்கு வசதி. அக்காவைத் திட்டி மெயில் எழுதி, ‘அனுப்பு’ என்பதை ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். மெயில் எங்கும் போகாது, பென்டிரைவிலேயே காத்துக் கிடக்கும். கோபம் மட்டும் இறங்கிவிடும். இன்டர்நெட் உள்ள இடத்தில் திறந்தால் காத்துக் கிடப்பதெல்லாம் தானாகப் போய்விடும் என்பதால், சனிக்கிழமை கடையடைக்கும் முன் அத்தனையையும் அழித்துவிட்டு, ஞாயிறன்றுதான் வீட்டில் பென்டிரைவைத் திறப்பார்.

அப்படி அக்கா என்னதான் செய்தாள்? கடைத் திறப்பன்று, வந்திருந்தவர்கள் முன்னால், தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, கடையிலேயே உசத்தியான பூட்டைத் திறந்து காட்டிவிட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு நின்றது பேச்சு. தானாகப் போய்ப் பேச ரோஷம் விடவில்லை, அக்கா இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பாவம் மனிதர்!

ஒரு புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால், மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பென்டிரைவ் அதில் செருகியிருந்தது.

“பல் டாக்டர் எத்தனை மணிக்கு வரச் சொன்னாருன்னு மெயில்ல பார்த்தேங்க. அதென்ன, திறந்ததும் வரிசையா என்னமோ போச்சே?”

“ஐயையோ! யாருக்குப் போச்சு?”

“உங்க அக்காவுக்குத்தான்.”

பாய்ந்து வந்து பென்டிரைவைப் பிடுங்கினார்.

“இனிமே பிடுங்கி என்ன? ஊர் வீட்டையெல்லாம் பூட்டுற மனுஷன், சொந்த வாயைப் பூட்டக் கூடாதா?”

அவர் கடைக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. இனி இந்த ஜென்மத்தில் அக்கா தன் மூஞ்சியில் முழிக்கமாட்டாள் என்று புலம்பிக்கொண்டே கிடந்தார்.

மத்தியானம் மனைவி பென்டிரைவை வாங்கி மறுபடி செருகினால், பதில் வந்திருந்தது. பார்க்கப் பயந்து அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள, மனைவி உரக்கப் படித்தாள்.

“டேய் பத்திரம், எல்லாத்தையும் படிச்சேன். திங்கட்கிழமை மெயில்ல பிரமாதமா திட்டியிருக்கே, வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஆனா நேத்து எழுதினதுல ஒரு திட்டுகூட இல்லையேடா? முட்டிவலி தேவலையான்னு மட்டும் கேட்டிருக்கே. எனக்குப் பயமாப் போச்சு. உனக்கு உடம்புக்கு என்ன? சாயங்காலம் கிளம்பி வரேன்.”

அவருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சந்தோஷம்தான். ஆனாலும் விறுவிறுவென்று எழுந்துபோய், மனைவியின் கொண்டை ஊசிகளையெல்லாம் பொறுக்கி அலமாரிக்குள் போட்டுப் பூட்டி, நாலு தரம் இழுத்தும் பார்த்தார்.

“அவங்க தலையில இருக்கிறதை என்ன செய்வீங்களாம்?” என்றாள் மனைவி.

“அது இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் அவர். “எதை வேணா திறக்கட்டும். வந்தாப் போதும்.”