இருபத்துமூன்றரை டிகிரி

நானும் என் நாத்தனாரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். பள்ளிக்கூடங்களுக்கு உலக உருண்டை செய்யும் பட்டறை. வடபாதியையும் தென்பாதியையும் ஒட்டி, நடுவில் அச்சுக் கம்பி செருகி, வளைந்த தாங்கியில் மாட்டி அனுப்ப வேண்டும். தாங்கியில் துளை போடுவது அவள். உருண்டையை மாட்டுவது நான். வாய் ஓயாது அவளுக்கு. பட்டறையில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் காலை, பள்ளி ஆசிரியை ஒருவர் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினார்.

"எல்லாம் குச்சி மாதிரி நேரா நிக்குதுங்க. பூமி சாஞ்சுதானே சுத்தும்? இருபத்துமூன்றரை டிகிரி."

எங்கே துளையிட வேண்டும் என்று காட்டும் அளவுத் தகட்டை மேனேஜர் புதிதாக மாற்றியிருந்தார். தவறு அதில்தான். "யாருங்க அளந்து பாக்கப்போறாங்க?" என்று சிரித்துச் சமாளித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை. மேனேஜர் முதலாளிக்குப் போன் போட உள்ளே போனார்.

ரேடியோ சும்மா இருப்பாளா? "எதுக்கு டீச்சர் அது சாஞ்சு நிக்கணும்? யாராவது தள்ளிவிட்டாங்களா?"

"தள்ளித்தான் விட்டுச்சு." ஆசிரியை ஓர் உருண்டையைக் கையில் எடுத்துச் சாய்த்துச் சுற்றினார். "கிரகமெல்லாம் உருவானப்போ சின்னதும் பெருசுமா பாறைங்க வந்து மோதிக்கிட்டே இருந்துச்சாம். இடி எந்தப் பக்கம் விழுந்துச்சோ, அதுக்கேத்த மாதிரி சுத்துறதும் கோணிப்போச்சு. நம்ம பூமி மேல செவ்வாய் அளவுக்கு ஒண்ணு மோதிச்சுன்னும், அதுல தெறிச்சதுதான் நிலான்னும் சொல்றாங்க. யுரேனஸ் இன்னும் மோசம். ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டே சுத்துது."

"இடிச்சவன் என்ன ஆனான்?"

"பெரும்பாலும் பூமிக்குள்ளயே கலந்துட்டான்."

"அப்ப கேஸ் போட முடியாது," என்றாள் ரேடியோ. ஆசிரியைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அந்தத் தகட்டை வைத்துத் துளையிட்டிருந்த மூவாயிரம் தாங்கிகளையும் பள்ளி திறப்பதற்குள் மறுபடி துளையிட வேண்டியிருந்தது. புதிய கோணத்தில் பிடித்தால், துளையிடும் இயந்திரத்தில் கை சிக்காமல் காக்கும் தடுப்பு மூடியில் தாங்கி இடித்தது. மேனேஜரே ஸ்க்ரூடிரைவரோடு வந்து மூடியைக் கழற்றினார். "நாலு நாள் வேலை. பாத்து செய்."

மூன்றாம் நாள் பிற்பகல், சுழன்ற துளைக்கம்பி ரேடியோவின் கையுறையைச் சுருட்டிக்கொண்டது. பேச்சு பாதியில் நின்றதால்தான் திரும்பிப் பார்த்தேன். இயந்திரத்தின் சுவிட்ச் எனக்கு இரண்டடி தள்ளிச் சுவரில் இருந்தது. நான் அதை நோக்கி ஓடவில்லை. அவளை நோக்கி ஓடி, இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்துதான் இயந்திரத்தை நிறுத்தினார்.

வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் போயின.

மறுநாள் காலை, மாற்றுத் துணி எடுத்துவர நான் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். மருந்து மயக்கத்தில் கிடந்தவளின் இடது கட்டைவிரலை மையில் ஒற்றி, ஒரு தாளில் பதித்துக்கொண்டு போய்விட்டார். மூடியை அவளே கழற்றியதாக அதில் எழுதியிருந்தது. நான் பட்டறைக்குப் போனபோது மூடி அதன் இடத்தில் இருந்தது. திருகாணிகள் மட்டும் புதுசு.

"பேசாம இருந்துடு," என்றார் என் கணவர். "அவ வேலைதான் போச்சு. உன்னுதும் போகணுமா?"

"அவ உங்க தங்கச்சிங்க."



விசாரணைக்கு வந்த தொழிற்சாலை ஆய்வாளர் அந்தத் தாளை என்னிடம் காட்டினார். "இது அவங்க ரேகைதானே?"

"அவளோடதுதான் சார். ஆனா அவளுக்கு நினைவே இல்லாதப்போ வாங்கினது. மூடியைக் கழட்டினது மேனேஜர். என் கண்ணால பாத்தேன்."

மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: "மெஷினை நிறுத்தாம இவங்க புடிச்சு இழுத்ததாலதான் விரல் போச்சு சார். அதையும் கேளுங்க."

 ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார்.

"ஆமா. சுவிட்ச் பக்கத்துலதான் இருந்துச்சு. எனக்குத் தோணல. அதையும் எழுதிக்கங்க சார். ரெண்டையும் எழுதுங்க."

எழுதினார். ஒரே வாரத்தில் என் வேலை போனது. பட்டறைக்கு ஏதோ எச்சரிக்கைக் கடிதம் வந்ததாகக் கேள்வி, அதோடு சரி.

நாத்தனார் வீடு திரும்பிய பிறகு, நான் விசாரணையில் சொன்னதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானே சொன்னேன். அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"தெரியும் அண்ணி," என்றாள். "நீங்க இழுக்குறப்போ நான் சுவிட்ச், சுவிட்ச்னு கத்தினேன்."

எனக்கு அது கேட்டதாகவே நினைவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

"பின்னுங்க அண்ணி."

பின்னி முடித்தேன். அன்று முழுக்க அவள் வேறெதுவும் பேசவில்லை.