ஒன்பதாவது மாநிலம் வரும்வரை

1786 ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜெரிட் பிளாவெல்ட்டின் விறகுப் படகு ஹட்சன் ஆற்றின் நடுவில் நின்றது. அதன்பிறகு அது நகரவே இல்லை. நங்கூரம் போடவில்லை, தரை தட்டவுமில்லை. தப்பு ஜெரிட்டுடையதுதான். இங்கிலாந்து மன்னரைத் துரத்திவிட்ட பிறகு கிழக்குக் கரை நியூயார்க், மேற்குக் கரை நியூ ஜெர்சி என்று தனித்தனி மாநிலம், தனித்தனிச் சுங்கம். சுங்கக்காரர் கூப்பிட்டால் காது கேளாதவர்போலத் துடுப்புப் போட்டுக்கொண்டே போவது படகுக்காரர்களான எங்கள் வழக்கம். ஜெரிட் யோக்கியன். சீட்டில்லாமல் வராதே என்று கிழக்கே ஒருவர் கத்தியதும் நிறுத்தினான். படகைத் திருப்பினால், சீட்டில்லாமல் கரையேறாதே என்று மேற்கே ஒருவர் கத்தினார். இரண்டு பேருக்கும் சரிங்க என்றான். அத்தோடு படகு நின்றுவிட்டது.

ஒரு மீனவரின் படகில் ஏறிப் பார்த்தான். அவன் இறங்கும்வரை அதுவும் அசையவில்லை. கரை நோக்கி நீந்தினால் தன் படகின் பின்புறத்திலேயே தலை தூக்கினான். ஜனவரியில் ஆறு உறைந்தபோது மத்தியானம்வரை பனிக்கட்டிமேல் மேற்கே நடந்தான். படகு அவன் பக்கத்திலேயே இருந்தது. அதில் ஏறிய எதுவும் திரும்பி வராது என்பதை ஒரு கோழி தாவியபோதுதான் தெரிந்துகொண்டோம். அதனால் அவன் மனைவி மாரிட்யே தோணியைத் துடுப்பு நீளத்துக்குத் தள்ளி நிறுத்தி, ரொட்டியை வீசிவிட்டுப் போவாள். படகு நின்ற அன்று அவள் நாலு மாதக் கர்ப்பிணி. குழந்தை பிறப்பதற்குள் கரையேற வேண்டும், ஜெரிட் கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டு மாநிலங்களும் கையை விரித்து, பதின்மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான பேரவையிடம் போகச் சொல்லின. பேரவை கூடும் கட்டடத்தின் கூரை படகிலிருந்தே தெரியும். ஆனால் ஒன்பது மாநிலங்கள் கூடினால்தான் அது எதையும் முடிவு செய்யலாம். ஈபனேசர் டட்டில் என்ற எழுத்தர் மாதம் ஒருமுறை தோணியில் வந்து நிலவரம் சொல்லிப் போவார்.

"இன்னைக்கு எத்தனைங்க?" என்று கேட்டான் ஜெரிட்.

"எட்டரைங்க. ஒரு மாநிலத்துலேர்ந்து ஒருத்தர்தான் வந்திருக்கார். ரெண்டு பேர் வந்தாத்தான் கணக்கு."

"அந்த அரையை இங்க அனுப்புங்க. விறகாவது பிளக்கட்டும்."

செப்டம்பரில் காட்ரினா பிறந்தாள். மாரிட்யே தினமும் கொண்டுவந்து தூக்கிக் காட்டுவாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். பார்க்கவே சகிக்காது. மார்ச்சில் ஒருவழியாக ஒன்பது மாநிலங்கள் கூடின. டட்டில் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். ஜெரிட்டை விடும்படி இரண்டு மாநிலங்களையும் கேட்டுக்கொண்டு தீர்மானம் போட்டாயிற்று என்றார்.

"கேட்டுக்கிட்டீங்களா? உத்தரவு போடலையா?"

டட்டில் குரலைத் தாழ்த்தினார். "உத்தரவு போட எங்களுக்கு ஏதுங்க அதிகாரம்? ஒழுகுற கூரைக்கே கெஞ்சித்தான் பலகை வாங்குறோம்."

மாநிலங்கள் மரியாதையாகப் பதில் எழுதின. மற்ற மாநிலம் முதலில் விடட்டும், உடனே நாங்களும் விடுகிறோம் என்றன. பேரவை மறுபடி கேட்டுக்கொள்ள நினைத்தபோது உறுப்பினர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட, கணக்கு எட்டாகிவிட்டது.

மே மாதம் ஒரு காலை மாரிட்யே தோணியை வழக்கத்தைவிட நெருக்கமாக ஓட்டிவந்தாள். நாங்கள் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இவளுக்குப் பல்லு வந்துடுச்சு ஜெரிட். கீழ ரெண்டு."

"கிட்ட வராத. நீங்களும் மாட்டிக்குவீங்க. இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

"ஒரு மாசம், ஒரு மாசம்னு வருசமே ஓடிப்போச்சு. அவங்க ஒன்பதோ தொண்ணூறோ, எப்ப வேணா கூடட்டும். நீ கையை முன்னால கொண்டா."

அவன் கொண்டுவரவில்லை. அவள் குழந்தையோடு படகுக்குள் கால் வைத்தாள். அதற்கப்புறம்தான் அவன் கை நீட்டினான். நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

குழந்தை எந்த மாநிலத்தவள் என்று விசாரிக்க இரண்டு கரையிலிருந்தும் ஆள் வந்து, எழுதிக்கொண்டு போனார்கள். கப்பல்கள் பிளாவெல்ட் வீட்டை இடப்பக்கம் விட்டு ஒதுங்கிப் போகப் பழகின. அந்த நவம்பரில் காட்ரினா நடக்கத் தொடங்கினாள். கிழக்கே ஏழு அடி, மேற்கே ஏழு அடி. விளிம்பு வந்தால் யாரும் சொல்லாமலே திரும்பிக்கொள்வாள்.