இழுத்துக் கட்டிய கம்பி

நெட்டையன் இருபது வருடமாக மின்கம்பி இழுப்பவன். தொங்கவிட்ட சங்கிலி தானாக ஒரு வளைவு எடுக்கும் அல்லவா, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பிக்கும் அந்த வளைவு வேண்டும். குளிரில் கம்பி சுருங்கும்போது அந்தத் தொய்வுதான் அதைக் காப்பாற்றும்.

புதுச் சாலைத் திறப்புக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் நெட்டையனின் சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"என்ன தம்பி, துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது? நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க. இழுத்துக் கட்டு."

"இது வெயில் காலம் அண்ணே. இப்பவே இழுத்துட்டா பனியில அறுந்துடும்."

"அறுந்தா நான் பாத்துக்கறேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

இருந்தது. இழுத்துக் கட்டிவிட்டு வேலைச் சீட்டில் கையெழுத்தும் போட்டான்.

முதல் கடுங்குளிரில் கம்பி அறுந்து ஒரு ரொட்டி வண்டிமேல் விழுந்தது. பதறி இறங்கும்போது மின்சாரம் தாக்கிய டிரைவரின் வலது கையை எடுக்க வேண்டியதாயிற்று. வண்டி கம்பத்தில் இடித்ததால் வந்த வினை என்று சகலை அறிக்கை எழுதினார்.

அதைக் கேட்ட நெட்டையன் விசாரணைக்கு ஒரு சங்கிலியோடு போனான். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறு முனையை அதிகாரியிடம் கொடுத்தான். "நேராகுற வரைக்கும் இழுங்க சார்."

அதிகாரி இழுத்தார். முகம் சிவந்ததே தவிர சங்கிலி நேராகவில்லை.

"தொங்கவிட்டா பாரமே தெரியாது. நேராக்கப் பாத்தா இப்படித்தான் சார், பாரம் ஏறிக்கிட்டே போகும். கம்பி அதுலதான் அறுந்துச்சு. டிரைவர் மேல தப்பில்ல."

அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. "அப்படி இழுக்கச் சொன்னது யாரு?"

நெட்டையன் எதிரே உட்கார்ந்திருந்த சகலையைப் பார்த்தான். இப்போதாவது சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தான்.

"நான் தொய்வு விடத்தான் சொன்னேன் சார்," என்றார் சகலை, கண் இமைக்காமல். "கையெழுத்து அவனோடது. பாத்துக்கங்க."

டிரைவர் மேல் இருந்த பழி நீங்கியது. நெட்டையனுக்கு வேலை போயிற்று. மனைவி அக்காவுக்கு மூன்று முறை போன் செய்தாள், எடுக்கவில்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் டிரைவரின் கட்டிலருகே நின்றான். "கம்பிய இழுத்தவன் நான்தான்."

"தெரியும். உக்காருங்க," என்றார் டிரைவர். நெட்டையன் உட்கார்ந்ததும் கேட்டார்: "அந்த சூப்பர்வைசர் உங்களுக்குச் சொந்தமாமே?"

"ஒரே வீட்ல பொண்ணு எடுத்தோம்," என்றான் நெட்டையன். "அவ்வளவுதான்."