வேண்டா வேலைக்கு வந்திருந்தாள்

விடிவதற்குள்ளேயே சலவைக்கூடத்தில் அனல் ஏறிவிட்டது. ஈரப் படுக்கைவிரிப்பை உதறி, சூடேறிய இஸ்திரி ரோலருக்குள் கொடுத்துக்கொண்டிருந்தாள் வேண்டா. மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வந்ததைச் சுஜாதா பிடித்து மடித்தாள். நீராவியும் சோப்புக் காரமும் கண்ணை எரித்தன. கூப்பிடு தூரத்தில் மாமல்லபுரத்துக் கடல். காற்று உள்ளே வரத்தான் ஒரு ஜன்னல் கிடையாது. விருந்தாளிகளின் கண்ணில் படக்கூடாது என்று அந்தக் கடற்கரை ஓட்டல் மறைத்துக் கட்டிய கொட்டகை அது. அங்கே வேலை செய்யும் பெண்களும் கண்ணில் படக்கூடாது. திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து பின்கேட்டில் இறங்கி, பின்கேட்டு வழியாகவே போய்விட வேண்டும்.

அன்றைக்கு ஓட்டலில் பெரிய மாநாடு. மனித உரிமைகளும் அவற்றின் பன்னாட்டுப் பாதுகாப்பும் என்று மேடையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். மேசைவிரிப்பு போதவில்லை என்று ஒப்பந்தக்காரர் நரசிம்மன் விரட்டிக்கொண்டே இருந்தார். வேலை மந்தமாகிறது என்று ரோலரின் வாயில் இருந்த தடுப்புக் கம்பியைக் கழற்றி மூலையில் போட்டவரும் அவர்தான்.

"கை போயிடும் சார், அத்த மாட்டுங்க," என்றாள் வேண்டா.

"பார்த்து வேல செய். கண்ணு கீதில்ல?" என்றார் நரசிம்மன்.

மேசைவிரிப்புகளைச் சுமந்துகொண்டு மண்டபத்துக்குப் போன சுஜாதா, நாற்காலிகளில் வைத்திருந்த ஹெட்போன் ஒன்றை ஆசைக்கு மாட்டிப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் பிரபாவதி கண்ணாடி அறைக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் தமிழில் வந்தது. பேசுவதும் ஓட்டுப் போடுவதும் அடி உதைக்கு ஆளாகாமல் இருப்பதும் ஒரு வகை உரிமையாம். வேலை, படிப்பு, வைத்தியம் இன்னொரு வகையாம். சுத்தமான காற்றும் தண்ணீரும் ஊரே சேர்ந்து கேட்க வேண்டிய வகையாம். "ஆபத்தில்லாத வேலையிடம் ஒவ்வொரு தொழிலாளியின் உரிமை," என்றது குரல். சுஜாதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாவிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வேகமாகத் திரும்பினாள்.

கொட்டகையை நெருங்கும்போதே அலறல் கேட்டது. விரிப்போடு சேர்ந்து வேண்டாவின் வலது கை ரோலருக்குள் போயிருந்தது. சுஜாதா பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். கை வெளியே வந்தபோது அதைப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

"108-க்குப் போன் போடுங்க சார்," என்றாள் சுஜாதா, ஓடிவந்த நரசிம்மனிடம்.

"ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுகினு முன்வாசலுக்கு வரும். வெளிநாட்டுக்காரங்க வேடிக்கை பார்க்கவா?"

காய்கறி வேனில் ஏற்றினார்கள். காவலாளி குமார் பின்கேட்டைத் திறந்துவிட்டான். மண்டபத்தில் அந்நேரம் மாநாடு தொடங்கியதற்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியிலிருந்து வேண்டாவின் புருஷன் அப்பாசாமி மத்தியானம் போன் செய்தான். "ரெண்டு விரல எடுத்துட்டாங்க சுஜாதா. வூட்ல கஞ்சி வடிக்கசொல்ல கொட்டிக்கிச்சுன்னு உங்க நரசிம்மன் ஆளு ஆஸ்பத்திரி சீட்டுல எழுத வச்சிட்டான். நான் இன்னா பண்ணுவேன்?"

சிறிது நேரத்தில் நரசிம்மனும் வந்து நின்றார். "வேண்டா இன்னிக்கு வேலைக்கே வரல. யாரு கேட்டாலும் அதான். வேற மாதிரி பேசுனா நாளைக்கு உங்க இடத்துல வேற ஆளு நிக்கும்."

பெண்கள் குனிந்து விரிப்புகளை மடிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வேளை அடுப்பு எரிய வேண்டும் என்கிற பயம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தேநீர் வேளையில் சுஜாதா, போகக்கூடாத புல்தரைக்குப் போனாள். பிரபாவதியைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். பிரபாவதி பதறிப்போய், மேடையில் பேசிய வெளிநாட்டுக்காரரையே அழைத்துவந்தார். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன பதிலைப் பிரபாவதி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"ஐ.நா.வுக்கு எழுதலாம்மா. ஆனா முதல்ல நம்ம நாட்டுல ஆபீஸ், கோர்ட்டுன்னு கேக்க வேண்டிய இடத்துலல்லாம் கேட்டு முடிச்சிருக்கணும். அதுக்கப்புறமும், தனி ஆள் குடுக்குற புகாரை அவங்க விசாரிக்க நம்ம நாடு ஒத்துக்கிட்டிருக்கணும். இன்னும் ஒத்துக்கல."

"அப்போ இதெல்லாம் யாருக்கும்மா பேசுறீங்க?"

இதைப் பிரபாவதி மொழிபெயர்க்கவில்லை. ஆறிப்போன தேநீரைக் கையில் பிடித்தபடி நின்றார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

மாலையில் ஷேர் ஆட்டோவில் ஒருத்தியோடு ஒருத்தி ஒட்டி உட்கார்ந்து வந்தார்கள். "கேக்க வேண்டிய இடத்துலல்லாம் கேக்கணுமாம்," என்றாள் சுஜாதா. "நாம இன்னும் ஒரு இடத்துலகூட கேக்கல." மறுநாள் விடியலில் ஆட்டோ பின்கேட்டுக்குத் திரும்பவில்லை. முன்வாசலில் நின்றது. அத்தனை பேரும் இறங்கினார்கள். சுஜாதா முன்னால் போய் நின்றாள்.

நரசிம்மன் ஓடிவந்தார். "இங்க இன்னா வேல?"

"வேண்டாக்கா நேத்து வேலைக்கு வந்தது சார். நாங்க கூடவே இருந்தோம். நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து அத்த சொல்லணும்."

"வேல வேணாமா உங்களுக்கு?"

"வேணும். கம்பிய மாட்டுங்க, செய்யறோம்."

"குமாரு, கேட்ட சாத்துடா," என்றவர், வேறு ஆட்களை வரச்சொல்லிப் போனில் பேச ஆரம்பித்தார்.

குமார் கேட்டைச் சாத்தினான். சாத்திவிட்டு, வெளிப்பக்கம் நின்றான்.

"நான்தான் சார் நேத்து வேனுக்குப் பின்கேட்ட தொறந்து வுட்டேன். வேண்டாக்கா கைய துணியில சுத்தி வச்சிருந்தாங்க. என்னையும் கேட்டா அதான் சொல்லுவேன்."

வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும். பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். சுஜாதா கொஞ்சம் நகர்ந்து குமாருக்கு இடம் விட்டாள்.