தறி நின்ற நேரம்

ஃபாதர் வருவதற்குள் வீட்டை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டுமென்று ஜெபமாலை விடியற்காலையிலிருந்தே பறந்துகொண்டிருந்தாள். ஸ்டூலைக் கழுவி, கல்யாணத்துக்கு வந்த வெள்ளைத் துணியை விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையும் இரண்டு மெழுகுதிரியையும் வைத்தாள். ஃபாதர் விரல் நனைக்கக் கிண்ணத்தில் தண்ணீர். டிவி வயரைப் பிடுங்கிப் போட்டாள். வருகிறவர் லேசுப்பட்டவரா? சட்டைப் பைச் சிமிழுக்குள் நற்கருணை அப்பமாக ஆண்டவரே அல்லவா வீடு தேடி வருகிறார்!

சுவருக்கு அந்தப் பக்கம் சங்கரபாண்டியனின் விசைத்தறிக் கூடம். கரண்டு இருக்கும்வரை தடதடவென்று ஒரே சத்தம். சங்கரன்கோவிலில் இந்தத் தெருக்காரர்கள் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசுவார்கள். கோவில் பூசையில் ஃபாதர் நற்கருணையை உயர்த்தும்போது யாராவது இருமினாலே ஜெபமாலை திரும்பி முறைப்பாள். அப்படிப்பட்டவளுக்கு இந்தக் கூப்பாட்டுக்குள் ஆண்டவரை வரவேற்பது கூசியது.

பெரிய பயம் வேறொன்று. மாமனார் மிக்கேல் வாதத்தில் விழுந்து, இப்போது கஞ்சியும் இறங்குவதில்லை. ஸ்பூனைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்கிறார். ஊட்டினால் பாதி நேரம் துப்பிவிடுகிறார். ஃபாதர் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தையும் துப்பிவிட்டால்? வாங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டால்? இரண்டையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் கூடத்துக்கே போய்விட்டாள்.

“அண்ணாச்சி, மாமாவுக்கு நன்மை குடுக்க ஃபாதர் வாராவ. செத்த நேரம் தறிய நிப்பாட்டுதியளா?”

“இதுக்கு ஏன்மா தயங்குத? மிக்கேல் அண்ணாச்சி என் கூடத்துல எத்தன வருசம் தறி ஓட்டியிருக்காவ! வண்டி வந்ததும் நானே நிப்பாட்டுதேன்.”

சும்மா சொல்லக் கூடாது, சொன்னபடியே செய்தார். ஃபாதர் யாரிடமும் பேசாமல், நெஞ்சில் கையை அணைத்தபடி வந்தார். ஆண்டவரைச் சுமந்து வருகிறவரிடம் பேசக் கூடாதென்று ஜெபமாலை தோத்திரம்கூடச் சொல்லவில்லை. எரியும் திரியோடு வாசலிலேயே முழங்காலிட்டாள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அம்மாடி, அப்படியொரு அமைதியை அந்த வீடு கண்டதே இல்லை. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் கட்டிலில் கிடந்தவர் திடுக்கிட்டு விழித்தார். நல்ல கை சுவரைத் தடவியது.

“ஏன்... நின்னுட்டு?” என்றார் குழறலாக. “எவன் கை... மாட்டிட்டு?”

ஒரு காலைக் கீழே போட்டு எழுந்திருக்கப் பார்த்தார். ஜெபமாலை ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். “ஒண்ணுமில்ல மாமா, ஆண்டவர் வந்திருக்காரு. வாயத் திறங்க.”

அவர் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் நடுங்கியது. ஃபாதர் அப்பத்தைக் கையில் ஏந்தியபடி காத்திருந்தார். பிறகு அதைச் சிமிழுக்குள்ளேயே வைத்தார்.

“ரொம்பப் பயப்படுதாரும்மா. கட்டாயப்படுத்த வேண்டாம். நெத்தியில சிலுவ போட்டுட்டுப் போறேன்.”

ஜெபமாலைக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மனுஷனுக்குத் தறி நின்றால் நூல் அறுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது கை போயிருக்க வேண்டும். நல்லதுக்கு நின்றதாக அவர் எங்கே கண்டார்? ஆண்டவருக்கு மரியாதை என்று நினைத்து மாமாவைப் பதற வைத்துவிட்டாளே, பாவி. அதற்காக, சிமிழ் வீட்டுக்குள் இருக்கும்போதே தறியை ஓட்டச் சொல்வதா? சுரூபத்தைப் பார்த்தாள். ஃபாதரைப் பார்த்தாள். பிறகு புறவாசலுக்கு ஓடினாள்.

“அண்ணாச்சி, தறியப் போடுங்க!”

“ஃபாதர் போயிட்டாவளா?”

“இல்ல, உள்ளதான் இருக்காவ. எல்லாத்தையும் போடுங்க!”

ஒரு தறி பிடித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. அவள் திரும்பி வருவதற்குள் வீடு பழையபடி அதிர்ந்தது. கீழே தொங்கிய காலை மிக்கேல் தானாகவே மேலே இழுத்துக்கொண்டார். நடுக்கம் அடங்கியது. தாடை மெல்லத் தளர்ந்தது.

ஃபாதர் அவசரப்படவில்லை. சிமிழை மறுபடி திறந்து, கட்டிலோரம் முழங்காலிட்டு, அவர் காதருகே குனிந்து, தெருவில் ஆளைக் கூப்பிடுவதுபோலக் கத்தினார்.

“கிறிஸ்துவின் திருவுடல்!”

மிக்கேல் வாயைத் திறந்தார்.

ஜெபமாலை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மேலேறி இறங்கியது. பிறகு உதடுகள் ஒருமுறை அசைந்தன. ஆமென் என்றாரா, தறியைப் பற்றி ஏதாவது கேட்டாரா, அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. ஃபாதர் தன் காதை அந்த வாயருகே வைத்து, அப்படியே குனிந்திருந்தார்.